கண்ணீர் வற்றிவிட்டது, நான் மனந்திரும்பினேனா இல்லையா?

பாதிவழி (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அவர் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை (இதுவே தனிப் பாவமோ என்னவோ). அதனால் இங்கே.

16 வயதில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அழுது என்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தேன். இப்போது 32. அன்றைக்குச் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துபோகிற அளவுக்கு அழுதேன், அப்புறம் வருஷக்கணக்காக அந்த அழுகைதான் எனக்கு அளவுகோல். ஜெபத்தில் கண்ணீர் வந்தால் கர்த்தர் கேட்டுவிட்டார், வராவிட்டால் கேட்கவில்லை. போன வருஷத்திலிருந்து வருவதில்லை. அதே முழங்கால், அதே வார்த்தைகள், ஆனால் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஜெபத்தின் நடுவில் கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், ஈரமாக இருக்கிறதா என்று.

என்ன பாவம் என்று கேட்பீர்கள். கொலை, கொள்ளை ஒன்றும் இல்லை. கோபம், பொறாமை, மொபைலில் பார்க்கக் கூடாததைப் பார்ப்பது, அலுவலகத்தில் ஒருமுறை என்னோடு வேலை செய்தவரைப் பற்றி மேலதிகாரியிடம் உண்மையில்லாத ஒன்றைச் சொல்லி அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு எனக்கு வந்தது, அப்புறம் பெருமை, ஜெபக் குறைவு, இப்படித்தான். எல்லாவற்றையும் அறிக்கையிடுகிறேன், மறுபடி மறுபடி. மொபைல் விஷயத்தில் மட்டும் எத்தனை முறை "இதுதான் கடைசி" என்று சொல்லியிருப்பேன், எண்ணிக்கையே இல்லை.

எபிரெயர் 12:17 படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. தன் ஆசீர்வாதத்தைத் தம்பியிடம் இழந்த ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனானாம். அழுதவனுக்கே அந்த நிலை என்றால் அழாத எனக்கு? இன்னொன்று, "தன்னைத்தான் வெறுத்து" என்று இயேசு சொல்கிறாரே, நான் என்னை வெறுக்கிற அளவுக்கு வேறு யாரும் தன்னை வெறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியும் ஏன் எதுவும் மாறவில்லை?

---

மழைத்துளி

தம்பி, கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நான் நோட்டு வைத்திருந்தவள்.

கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் தேதி, நடுவில் பாவம், வலது பக்கம் அதற்காக எத்தனை நிமிஷம் ஜெபித்தேன் என்பது. கோபத்துக்கு 10 நிமிஷம், பொய்க்கு 20. ஒரு கட்டத்தில் எது பொய், எது மரியாதைக்காகச் சொன்னது என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்து, ராத்திரி 1 மணி வரை உட்கார்ந்திருப்பேன். மூன்று நோட்டு முடிந்தது. அந்த மூன்று நோட்டிலும் கர்த்தரைப் பற்றி ஒரு வரி கிடையாது. முழுக்க நான்தான் இருந்தேன், மோசமானவளாக இருந்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என்னைப் பிடித்து உலுக்கியது எண்ணாகமம் 21. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான், கம்பத்தில் இருக்கிற வெண்கலச் சர்ப்பத்தை நோக்கிப் பார். கடிபட்ட இடத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. காலில் கடி வாங்கியவன் என்ன செய்வான், குனிந்து காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், வீக்கம் எவ்வளவு, நிறம் மாறுகிறதா என்று. அதுதான் இயற்கை. அங்கே நிமிரச் சொல்கிறார்கள். யோவான் 3-ல் இயேசு தம்மைப் பற்றிச் சொல்ல அதே சம்பவத்தைத்தான் எடுக்கிறார். நான் மூன்று நோட்டு முழுக்கக் குனிந்தே இருந்தேன், நீங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்கள், இரண்டும் ஒன்றுதான்.

ஏசா விஷயத்துக்கு வருகிறேன். ஆதியாகமம் 27-ஐத் திறந்து அவன் எதற்காக அலறினான் என்று பாருங்கள். "என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்" என்பதற்காக. போன ஆசீர்வாதம் வேண்டும் என்று அழுதான். மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திர பாகத்தை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு விற்றேனே, அதை அவ்வளவு அலட்சியமாக நினைத்தேனே என்று ஒரு வார்த்தை அவன் வாயில் இல்லை. அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் தம்பியைக் கொல்லத் திட்டம் போடுகிறான். எபிரெயரில் சொல்கிற "மனம் மாறுதல்" ஏசாவின் மனமா, தகப்பன் ஈசாக்கு தன் தீர்மானத்தை மாற்றிக்கொள்வதா என்று விளக்கவுரைக்காரர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். எப்படி எடுத்தாலும், திரும்பி வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினதாக அங்கே இல்லை. தூங்குங்கள்.

---

வழிப்போக்கன்

அக்கா சொன்னதற்கு ஆமென். கொஞ்சம் வார்த்தைப் பக்கமாகப் போகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் நமக்கு அதிர்ஷ்டம், "மனந்திரும்பு" என்ற சொல்லுக்குள்ளேயே திரும்புதல் இருக்கிறது. பழைய ஏற்பாட்டு எபிரெயச் சொல் "ஷூவ்", நடந்து போகிறவன் திரும்பி வருவதற்குச் சொல்கிற சாதாரணச் சொல். ரூத் முதல் அதிகாரத்தில் நகோமி பெத்லகேமுக்குத் திரும்புகிறதற்கும் அதே சொல்தான், அங்கே பாவமும் இல்லை அழுகையும் இல்லை (சரி, அழுகை இருக்கிறது, அது வேறு அழுகை). கிரேக்கத்தில் "மெட்டனோயா", மனம் மாறுவது. இந்தச் சொற்களுக்குள் கண்ணீர் இல்லை. வரக் கூடாது என்று சொல்லவில்லை. யோவேல் 2-ல் அழுகையும் புலம்பலும் உண்டு, ஆனால் உடனே "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" கர்த்தரிடத்தில் திரும்புங்கள் என்கிறது.

மத்தேயு 27:3-ல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு வேறொரு கிரேக்கச் சொல் வருகிறது, நம் பழைய மொழிபெயர்ப்பில் "மனஸ்தாபப்பட்டு". அவன் செய்ததைப் பாருங்கள், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். நம்மில் பலர் செய்வதைவிட அதிகம். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம், அங்கிருந்து நேரே சாவுக்கு. இயேசு இருக்கிற திசைக்கு அவன் திரும்பவே இல்லை. யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே ராத்திரி, சீஷன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். லூக்கா 22:61-ல் ஒரு சின்ன விவரம், "கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப்பார்த்தார்". முதலில் திரும்பினது கர்த்தர். அதற்கு அப்புறம்தான் பேதுருவின் அழுகை. எரேமியா 31:18-ல் "என்னைத் திருப்பும், அப்பொழுது திரும்புவேன்" என்று எப்பிராயீம் (இஸ்ரவேல் ஜனம்) கேட்பதும் இதுதான்.

"வெறுத்து" என்பதற்கும் வருகிறேன், இதில் நம் மொழிபெயர்ப்பு பலரைக் குழப்பியிருக்கிறது. மத்தேயு 16:24-ல் "தன்னைத்தான் வெறுத்து" என்று இருக்கிற இடத்தில் கிரேக்கச் சொல்லுக்கு மறுதலித்தல் என்று பொருள். 26:34-ல் பேதுருவிடம் "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்" என்கிறாரே, அதே வினைச்சொல். அப்படியென்றால், பேதுரு இயேசுவைப் பற்றிச் சொன்னானே, "அந்த மனுஷனை அறியேன்" என்று, அதை நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவன் சொல்கிறபடி இனி நடக்க மாட்டேன், இவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தன்னை வெறுத்துத் திட்டிக்கொண்டே இருக்கிறவன் இருபத்திநாலு மணி நேரமும் தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான், அவன் எங்கே மறுதலித்தான்?

சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1515-16ல் ரோமர் நிருபத்தின் மேல் நடத்திய வகுப்புகளில் பாவத்தைப் பற்றிச் சொல்லும்போது மனுஷன் தன்னை நோக்கியே வளைந்துபோயிருக்கிறான் என்பார். எவ்வளவு வளைவு என்றால் கடவுளிடம் போவதைக்கூடத் தனக்காகவே பயன்படுத்துகிற வளைவு. 1517-ல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். லத்தீன் வேதாகமத்தில் "மனந்திரும்புங்கள்" என்ற இடம் "தவப்பரிகாரம் செய்யுங்கள்" என்று தொனிக்கிறபடி இருந்தது, கிரேக்க மூலத்தில் அது மனம் மாறுவது என்று கண்டுகொண்டபோது தனக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்று அடுத்த வருஷம் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒருமுறை நன்றாக அழுது முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது. 16 வயதில் அழுதது நிஜம்தான் தம்பி. இன்றைக்குத் திரும்ப வேண்டியது இன்றைக்கு.

---

சும்மா_பார்ப்பவன்

நான் கிறிஸ்தவன் இல்லை. மேலே நீங்கள் எல்லாரும் கிரேக்கம், எபிரெயம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர் கோபம், பொறாமை, மொபைல் என்று ஒரு பட்டியல் போட்டு அதன் நடுவில் ஒரு ஆளின் வேலையைக் கெடுத்ததை அரை வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், யாருமே அதைக் கேட்கவில்லை. பொய் சொல்லி வாங்கிய பதவியில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்தச் சம்பளம் இன்னும் வருகிறதா? அந்த ஆளிடம் சொன்னீர்களா?

கடவுள் மன்னித்தாரா என்று இத்தனை வருஷமாகக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். அந்த மனுஷர் பக்கத்து மேசையில்தானே இருக்கிறார்?

---

மழைத்துளி

ஐயோ. நானும் அந்த வரியைப் படித்துவிட்டுத் தாண்டித்தான் போயிருக்கிறேன். மன்னிக்கவும்.

---

பாதிவழி

சும்மா_பார்ப்பவன், நீங்கள் சொன்னது சுருக்கென்று இருந்தது. நாலு மணி நேரம் பதில் எழுதாமல் இருந்தேன், கோபத்தில்தான்.

அது 4 வருஷத்துக்கு முந்தின விஷயம். பக்கத்து மேசை இல்லை, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் அதே கட்டடம்தான், லிஃப்டில் பார்ப்பேன். அவரும் சிரிப்பார். இதை நான் கர்த்தரிடம் எத்தனையோ முறை அறிக்கை செய்துவிட்டேன். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்றுதானே 1 யோவான் 1:9 சொல்கிறது? தாவீதுகூடச் சங்கீதம் 51-ல் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான். கர்த்தரே மன்னித்து மறந்ததை நான் போய்த் தோண்டினால் அவருக்கும் வேதனை, எனக்கு வேலையே போகலாம், வீட்டில் என்னை நம்பி இருக்கிறார்கள். பாவம் கடவுளுக்கு விரோதமானது என்றால் கடவுளோடு தீர்த்துக்கொண்டால் போதாதா? வாதத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். சரி, கொஞ்சம் வாதத்துக்கும்தான்.

---

பழைய_ஓலை

தம்பி, நான் கத்தோலிக்கன், வயது 60-ஐத் தாண்டியாயிற்று. இந்த இழையில் கடைசி வரை வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், தாவீதைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தாவீது "உமக்கு ஒருவருக்கே" என்று பாடினபோது, யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியா எங்கே இருந்தான்? செத்துப் போயிருந்தான். தாவீதே யுத்தத்தின் முன்னணியில் நிறுத்திக் கொல்லுவித்தான். போய் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை, திருப்பிக் கொடுக்க உயிர் இல்லை. உங்கள் உரியா லிஃப்டில் சிரிக்கிறார்.

சின்ன வயதில் குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களைத் தயார் செய்யும்போது ஐந்து காரியம் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை, குருவிடம் வெளியிடுவது, அபராதம் தீர்ப்பது. ஐந்தாவதை நாங்கள் மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்லி முடித்துவிடுவோம், விளையாடப் போக வேண்டுமே. பெரியவனான பிறகு ஒரு வயதான குருவானவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன், என்ன என்பது இங்கே வேண்டாம், பணம் சம்பந்தப்பட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என் அழுகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பணம் எங்கே என்று இன்னொரு தரம் கேட்டார். திருப்பிக் கொடுக்க எனக்கு 14 மாதம் ஆயிற்று.

எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண்ணில் இது நேராகவே இருக்கிறது: திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவதூறு சொல்லப்பட்டவரின் நற்பெயரை மீட்டுத்தர வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். நற்பெயர் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது பாருங்கள். பாவமன்னிப்பு பாவத்தை எடுத்துவிடும், பாவம் உண்டாக்கின சேதத்தை எல்லாம் அதுவே சரிசெய்துவிடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. உங்கள் பொய் இன்னும் யாரோ ஒருவருடைய தலையில் உண்மையாக உட்கார்ந்திருக்கிறது, தம்பி. நீங்கள் முழங்காலில் நிற்கிற நேரத்திலும் அது அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

---

வழிப்போக்கன்

ஐயா சொல்கிற காரியத்தோடு ஒத்துப்போகிறேன், ஆனால் வரிசையில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஈடு கட்டினால்தான் மன்னிப்பு என்று தம்பி எடுத்துக்கொண்டால் அது இன்னொரு நோட்டு ஆகிவிடும், கண்ணீருக்குப் பதில் காசு. லூக்கா 19-ல் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின வரி வசூலிப்பவன் சகேயுவைப் பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு கூப்பிட்ட பிறகுதான் அவன் வாய் திறக்கிறான். கூப்பிடுவதற்கு முன்னால் கணக்குக் கேட்கவில்லை. ரோமர் 2:4-ம் தேவதயவுதான் குணப்பட ஏவுகிறது என்கிறது.

ஆனால் அவன் வாய் திறந்தபோது என்ன வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். எண்ணாகமம் 5:7 கேட்பது முதலும் ஐந்தில் ஒரு பங்கும். நாலத்தனை என்பது யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ போடுகிற கணக்கு. சகேயு தன்னைத் திருடன் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டான், யாரும் தள்ளவில்லை. வரி வசூலித்தேன், எல்லாரும் செய்கிறதுதானே என்று ஒரு வார்த்தை இல்லை.

லூக்கா 3-லும் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று யோவான் ஸ்நானனிடம் கேட்கிறார்கள். ஒருவரையும் அவர் அழச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, கட்டளையிட்டதற்கு மேல் வரி வாங்காதே, யார்மேலும் பொய்யாய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளமே போதும் என்று இரு. கடைசி இரண்டும் போர்ச்சேவகருக்குச் சொன்னது. உங்களுக்கு எழுதின மாதிரியே இருக்கிறது.

---

பழைய_ஓலை

வரிசைக்கு நான் சண்டை போட மாட்டேன். கூப்பிட்டது அவர், இறங்கினது சகேயு. மரத்திலேயே உட்கார்ந்துகொண்டு "கூப்பிட்டாரே, அது போதும்" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் என் கட்சி.

---

பாதிவழி

இரண்டு நாள் ஆயிற்று. ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் சொல்லுங்கள்:

"அன்புள்ள சார், 4 வருஷமாக என் மனசாட்சி என்னை வாட்டுகிறது. நான் சரியாகத் தூங்குவதில்லை. அன்றைக்கு நான் இருந்த நெருக்கடியில், என் குடும்பச் சூழ்நிலையில், உங்களைப் பற்றி நான் சொன்ன ஒரு விஷயம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம். நான் இப்போது கர்த்தரோடு ஒப்புரவாகிவிட்டேன். நீங்களும் என்னை மன்னித்தால் எனக்குச் சமாதானம் கிடைக்கும்."

---

மழைத்துளி

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், பழைய நோட்டுப் பழக்கம், எண்ணிவிட்டேன். நான், என், என்னை, எனக்கு எல்லாம் சேர்த்து 9. அவருக்கு 2.

அந்தக் கடிதத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் தூக்கம் இருக்கிறது, உங்கள் குடும்பம் இருக்கிறது, உங்கள் சமாதானம் இருக்கிறது, அதை அவர் தர வேண்டும் என்று ஒரு வேலையும் அவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். "புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்" என்பது யார் செய்த வேலை? யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நீங்கள் பொய் சொன்னீர்கள், மேலதிகாரி அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

சவுல் ராஜா சாமுவேலிடம் "நான் பாவஞ்செய்தேன்" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான், 1 சாமுவேல் 15:30. தன் பாவத்தைச் சுட்டிக்காட்டின தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது சொன்னது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்". அதோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு "ஆனால்" இல்லை, ஒரு கோரிக்கை இல்லை. அந்த முற்றுப்புள்ளியைப் போடத்தான் நமக்குக் கை வருவதில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பின இளைய குமாரன்கூட வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தான். கடைசி வரி, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. லூக்கா 15:19-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தகப்பனிடம் பேசும்போது அந்த வரி இல்லை. தனக்கு என்ன கிடைக்க வேண்டும் என்ற பகுதி மட்டும் விழுந்துபோயிற்று. தகப்பன் பேச விடவில்லையா, அவனுக்கே வாய் வரவில்லையா, தெரியாது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியும் அப்படி விழட்டும்.

---

சும்மா_பார்ப்பவன்

கடிதமே வேண்டாம். நேரில் போய்ச் சொல்லுங்கள். அதோடு அவரிடம் மட்டும் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை, பொய்யை நம்பினது மேலதிகாரிதானே. அவருக்கு எழுத்தில் போக வேண்டும். வேலை போகுமா என்று கேட்டால், போகலாம். அதை முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள், அவர்கள் பின்னால் தெரிந்துகொள்கிற மாதிரி வைக்காதீர்கள்.

(உங்கள் கதையில் திரும்பி வந்த மகனைவிட வீட்டிலேயே இருந்த அண்ணன்தான் எனக்குப் பிடிக்கும். சொத்தை அழித்தவனுக்கு விருந்தா என்று அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.)

---

வழிப்போக்கன்

அந்த அண்ணனைப் பற்றித் தனி இழை போடுங்கள், வருகிறேன். அவனும் வீட்டுக்குள்ளே இருந்துகொண்டே தகப்பனைவிட்டுத் தூரமாகப் போனவன்தான் என்பது என் எண்ணம்.

---

பாதிவழி

வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் "பதவி உயர்வு வந்த அன்றைக்கு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோமே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று அவரைப் பார்த்தேன். வேலை முடிகிற நேரம், அவருடைய மேசையிலேயே. மூன்றே வாக்கியம்தான் சொன்னேன், மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உங்களைப் பற்றி மேலே நான் சொன்னது பொய். தெரிந்துதான் சொன்னேன், அதனால் உங்களுக்குப் பதவி உயர்வும் 4 வருஷச் சம்பள வித்தியாசமும் போயிற்று. அது பொய் என்று மேலதிகாரிக்கு எழுதப் போகிறேன், உங்களுக்கும் ஒரு நகல் வரும். மன்னிப்பு என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது, அக்கா எண்ணின 9 ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "தெரியும்" என்றார். "அன்றைக்கே தெரியும். யார் சொல்லியிருக்க முடியும், அந்த அறையில் இருந்தது நாம் மூன்று பேர்தானே."

4 வருஷமாக லிஃப்டில் தெரிந்துகொண்டேதான் சிரித்திருக்கிறார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு லேசாக இருக்கிறதா என்றால் இல்லை, வயிற்றைப் பிசைகிறது. கண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள், கவனிக்கவில்லை. மொபைல் விஷயம் அப்படியே இருக்கிறது, அதற்கு இன்னொரு நாள் உங்களிடம் வருகிறேன். பழைய_ஓலை ஐயா, அந்த 14 மாதத்தில் நடுவில் விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினதா?

மேலதிகாரிக்கு எழுதினது இப்போது திரையில் இருக்கிறது. நான் எழுந்து வரும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு ஒன்று சொன்னார், அதை மட்டும் திருத்திவிட்டு அனுப்ப வேண்டும். "மேலே எழுதும்போது தேதியைச் சரியாகப் போடுங்கள், கூட்டம் நடந்தது மார்ச்சில்தான், ஆனால் நீங்கள் சொன்னது அதற்கு முன்னால், பிப்ரவரியில்."